மருந்து அடிக்காத பழம்

உத்தமபாளையத்தில் உமாதேவி நடத்தும் சின்ன இயற்கை வைத்திய நிலையத்துக்குக் கை முழுக்க அரிப்போடு வந்திருந்தார் கர்ணன். உமாதேவி அவர் முன்னால் ஒரு டம்ளர் திராட்சைச் சாற்றை வைத்தாள்.

"கொஞ்ச நாளைக்கு இதுதான் ஆகாரம். குடிங்கண்ணே."

கர்ணன் டம்ளரைத் தொடவில்லை. "பழம் ஏது தாயி?"

"எங்க வீட்டுக்காரக நேத்து கோம்பைப் பக்கம் ஒரு தோட்டத்துல கூடையோட வாங்கியாந்தாக."

"பூச்சிமருந்து அடிச்சிருப்பானுக. வெட்டுறதுக்கு முதல் நாள்கூட அடிப்பானுக."

"அடிக்கவே இல்லைன்னு தோட்டக்காரர் குலசாமி மேல சத்தியம் பண்ணுனாராம்."

"பச்சைப் பொய்யி! நம்பாதீக தாயி. குடல் வெந்துபோகும்."

"சத்தியம் பண்ணுனது நீங்கதாண்ணே."

கர்ணன் டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"பயப்படாதீக. டம்ளர்ல இருக்கறது எங்க கொல்லைப் பந்தல்ல காய்ச்சது. சாணியும் சாம்பலும் தவிர வேற எதுவும் அதுக்குப் போடல." உமாதேவி மூலையிலிருந்த கூடையை அவர் பக்கம் நகர்த்தினாள். "உங்க பழம் இந்தா இருக்கு. கொண்டுபோயி உங்க பேத்திக்குக் குடுங்க."

கர்ணனின் கை கூடைப் பக்கம் போகவில்லை. "அரிப்புக்குக் களிம்பு ஏதாச்சும்..." என்று இழுத்தார்.

"களிம்பு கிடையாது. அந்த மருந்தை அடிக்கிற வரைக்கும் கை அரிக்கத்தான் செய்யும். எந்தப் பழ வெட்டுல உங்க தோட்டத்துப் பழத்தைப் பேத்திக்கு மனசார ஊட்டுறீகளோ, அன்னைக்கு வாங்க. அரிப்பு இருந்தா வைத்தியம் பார்க்கிறேன்."