மார்ச் பதினான்கு

அலுவலகத்தின் அறுபது கணினிகளும் சர்வரைப் பார்த்து ஒரே நொடியில் மணி காட்டின. முதலாளி மகுடபதியின் கணினி மட்டும் தினமும் காலையில் மார்ச் பதினான்குக்குப் போய் நின்றது. அதற்குள் கடிகாரத்தை ஓட்டும் பேட்டரியை மாற்றிவிட்டதாக ரெஜினா சொன்னாள். கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவள்தான்.

மகுடபதியின் ஆலையில் பாய்லர் வெடித்த தேதி அது. அன்று, செய்தி வெளியே வரும் முன்பே அவர் அவளைக் கூப்பிட்டார். "தேதியை ரெண்டு நாள் பின்னாடி வைம்மா. ஒரு லெட்டர் அடிக்கணும்." ஏனென்று கேட்காமல் வைத்தாள். வெடிப்பில் செத்துப்போன அவள் தம்பி சூசையைப் பன்னிரண்டாம் தேதியே வேலையை விட்டு நீக்கியதாகச் சொன்ன கடிதம் அது. நஷ்டஈட்டு வழக்கில், நீதிமன்றத்தில் அதை வாசித்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. அன்று மாலையே அவர் கணினியைச் சர்வரிலிருந்து பிரித்து, காலைதோறும் பதினான்கிலேயே தொடங்கும்படி வைத்துவிட்டாள்.

"இன்னுமா சரியாகல?" என்றார் இன்றும்.

"அன்னிக்கு உங்க பேச்சைக் கேட்டுப் பின்னாடி போச்சு சார். இப்ப பதினாலைத் தாண்ட மாட்டேங்குது."

அவள் போனதும், பதினான்காம் தேதியின் ஆலை வருகைப் பட்டியல் அவர் திரையில் தானாகத் திறந்தது. சூசை, உள்ளே வந்த நேரம் 7.58. வெளியே போன நேரத்துக்கான கட்டத்தில் கர்சர் மட்டும் விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டிருந்தது.