பாதியில் நின்ற புகார்

“உங்க வரி ஆபீஸை இழுத்துப் பூட்டணும், மேடம்” என்றார் தொலைபேசியில் பெரியவர். கணினிப் படிவத்தின் ‘பொதுமக்கள் ஆலோசனை’ என்ற கட்டத்தில் அவள் அதைத் தட்டச்சு செய்தாள்.

“நன்றி சார். வேற ஏதாவது?”

“வேற ஏதாவதா? நின்னா வரி, நடந்தா வரி. மூச்சு மட்டும் எப்படி மிஞ்சிச்சுன்னு பாத்துட்டிருக்கேன். அந்தக் காலத்துல எங்க தெரு ரோடு எப்படி இருந்துச்சு தெரியுமா?”

“எப்படி இருந்துச்சு சார்?”

“ரோடே இல்ல. அதனால குழியும் இல்ல.”

வரித் துறையின் குறைகேட்பு அறையில் நான்கு பெண்கள், நான்கு தொலைபேசிகள். குறைகளைக் கேட்பது மட்டும்தான் அங்கே வேலை. தீர்ப்பது வேறு கட்டடத்தில் நடப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள்.

பக்கத்து நாற்காலிக்காரி குனிந்து கிசுகிசுத்தாள். “உன் ஆளா? நாங்க எடுத்தா ஒரு வார்த்தை பேசாம வெச்சிடறார். நீ எடுக்கற வரைக்கும் திரும்பத் திரும்பப் போடறார். குரல்ல அப்படி என்னடி தேன் தடவி வெச்சிருக்கே?”

அது தன் மாமனார் என்று அவள் எப்படிச் சொல்வாள்?

இந்த வேலையில் அவள் சேர்ந்த அன்று, “வரி வாங்கறவங்களோட எனக்குப் பேச்சு இல்ல” என்று அவர் அறிவித்தார். ஒன்றரை வருடமாகக் கொள்கை தளரவில்லை. அவள் சமைத்ததைச் சாப்பிடுவதற்கு மட்டும் அந்தக் கொள்கையில் விலக்கு உண்டு. உப்பு குறைந்தால் மகன் வழியாகத் தகவல் வரும்.

அலுவலகத்துக்கென்று அவள் வைத்திருந்த மெருகேறிய குரல் அவருக்கு அடையாளம் தெரியாது என்று நம்பினாள். முதலில் ஏதோ திருடுவதுபோல் கூசியது. பிறகு, மூன்று மணிக்கு அந்த அழைப்பு வராத நாட்களில், எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதுபோல் இருந்தது. திட்டு வாங்குவதற்குக்கூடவா ஏங்குவாள் ஒருத்தி?

“சரி, வீட்டு வரிக்கு வரேன்” என்றார் அவர். “எங்கப்பா காலத்துல வீட்டு வரி கேட்டு ஒருத்தன் வந்தான்...”

“சார், ஒரு நிமிஷம். நாளையிலேர்ந்து இந்த நம்பர்ல மெஷின்தான் எடுக்கும். புகார்னா ஒண்ணை அழுத்தணும். பாராட்டுன்னா ரெண்டு.”

“ரெண்டைத் துடைச்சு வெக்கச் சொல்லுங்க, தூசி படியும்.” குரல் சற்று இறங்கியது. “மெஷின் திருப்பிப் பேசுமா?”

“இல்ல சார். பதிவு பண்ணிக்கும்.”

“நீங்க?”

“எங்களை ஃபைல் அடுக்கற செக்‌ஷனுக்கு மாத்திட்டாங்க.”

“அந்தக் காலம் நல்லா இருந்துச்சுன்னு சொல்றேன்ல, வரி கம்மிங்கறதால இல்ல மேடம். அப்போ என் சம்சாரம் இருந்தா. எதைத் திட்டினாலும் ‘அப்புறம்?’னு கேப்பா.”

அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. ‘அப்புறம்?’ என்ற அந்த ஒரு சொல் அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வெளியே வந்ததென்னவோ, “உங்க கருத்துக்கு நன்றி சார்” என்பதுதான்.

அன்று மாலை கணவன் வெளியூரில். தூது போக ஆளில்லாத வீட்டில் அவள் மாமனாருக்குத் தட்டை வைத்துப் பரிமாறினாள்.

நாளை மூன்று மணிக்கு இவர் யாரிடம் பேசுவார்? போனில் பேசியது நான்தான் என்று இப்போது சொன்னால், இத்தனை நாள் ஏமாற்றியவள் ஆவாள். சொல்லாவிட்டால் இனி இந்த வீட்டில் இரண்டு ஊமைகள்.

இரண்டுக்கும் துணிவில்லாமல் அவள் அடுக்களைப் பக்கம் திரும்பினாள். பின்னால் அவர் தொண்டையைச் செருமுவது கேட்டது.

“அந்த வீட்டு வரிக்காரன் கதையைப் பாதியில விட்டுட்டேனே, மேடம்.”