பாய்லர் குடித்த காபி

“இது காபியா, கப்பைக் கழுவின தண்ணியா?”

பாய்லர் போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரரின் பிஸ்கட் அவர் கப்புக்குள்ளேயே விழுந்துவிட்டது. காபி கொண்டுவந்த பெண் மட்டும் சிரித்த முகம் மாறாமல் நின்றாள்.

“தப்பு எங்களுதுதான் சார். வேற போட்டுத் தரேன்.”

அந்தச் சிரிப்புதான் அவருக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தவனைப் பார்த்துச் சிரித்தால் அவன் எங்கே போய் முட்டிக்கொள்வான்?

பின்தெருவில் அவருக்குச் சொந்தமாக ஒரு காபிக் கடை இருக்கிறது. எந்நேரமும் கொதித்துக்கொண்டே இருப்பதால் தெருக்காரர்கள் வைத்த பெயர்தான் பாய்லர். சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலில் சபைக்காரர்கள் இந்தக் கடையைத் திறந்ததிலிருந்து அவர் தன் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். கூடப் பிறந்த தம்பியே இப்போது இங்கே வந்துதான் குடிக்கிறான்.

இங்கே லாபம் கிடையாதாம், பரிமாறுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாதாம், எல்லாம் அன்புதானாம். “அன்பை ஊத்தியா காபி போடுறாங்க?” என்று வீட்டில் கத்திப் பார்த்தார்.

“அவங்க வாங்கன்னு கூப்பிடுறாங்க. நீங்க வள்ளுன்னு விழுறீங்க” என்றாள் மனைவி.

இப்படியே போனால் கடையை இழுத்து மூடவேண்டியதுதான். அதனால்தான் சட்டைப் பையில் போனைச் செருகி, கேமரா வெளியே எட்டிப் பார்க்கும்படி ஓடவிட்டுக்கொண்டு வந்திருந்தார். இந்தப் பெண் ஒரே ஒரு வார்த்தை எதிர்த்துக் கத்தினால் போதும். சாயங்காலத்துக்குள் இவர்களுடைய அன்பு தெருவிலுள்ள எல்லா போனுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆனால் அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க உள்ளே நுழைந்தபோதே, “வாங்க சார், உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தோம்” என்றாள் அவள். வருகிறவன் போகிறவனிடமெல்லாம் இதையேதான் சொல்லுவார்கள், பசப்புக்காரர்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

இங்கே வேலை பழகிப் பெரிய ஓட்டல்களுக்குப் போனவர்களின் போட்டோக்கள் சுவரில் வரிசையாகச் சிரித்தன. அவற்றின் கீழே பாஸ்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தடுக்க வரவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அம்மாவுக்கும் சேர்த்து ஒருநாள் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டார் பாய்லர்.

இரண்டாவது காபி வந்தது. ஒரு வாய் குடித்தார். உண்மையைச் சொன்னால் அவர் கடைக் காபியைவிட நன்றாகவே இருந்தது. அந்த ஆத்திரத்தில் கப்பை அப்படியே மேஜையில் கவிழ்த்தார்.

“இதை எவ போட்டது? நீயா? சம்பளம் வாங்காம வேலை செஞ்சா எதைக் குடுத்தாலும் குடிச்சிட்டுப் போகணுமா?”

“மன்னிச்சுக்குங்க சார். சட்டையில பட்டுடுச்சா?”

அவள் குனிந்து துடைத்தாள். ஏப்ரனைப் பிடித்திருந்த இன்னொரு கை முஷ்டியாக இறுகியிருந்தது. அதைப் பார்த்ததும் பாய்லருக்குத் தெம்பு வந்தது. இன்னும் ஒரு தள்ளு தள்ளினால் வெடித்துவிடுவாள்.

“வேற எங்கயும் பொழைக்க வக்கில்லாமதானே இங்க வந்து நிக்கிற? உன்னையெல்லாம் எவன் வேலைக்கு வெச்சுக்குவான்?”

அவள் கண் நிறைந்துவிட்டது. வாய்வரை வந்ததை அவள் விழுங்குவது நன்றாகவே தெரிந்தது.

“நீங்க சொல்றது சரிதான் சார். என் கோவத்தாலதான் போன எடத்துல எல்லாம் வேலை போச்சு. கடைசியா இருந்த ஓட்டல்ல கஸ்டமர் தலையிலயே சாம்பாரைக் கொட்டிட்டேன். இங்க வந்துதான் பொறுமை கத்துக்கிட்டேன். உங்களுக்கு இன்னொரு காபி கொண்டு வரட்டுமா?”

பாய்லருக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது. சர்க்கரை கம்மி என்று ஒரு வார்த்தை சொன்னதற்காக, “குடிச்சா குடி, இல்லன்னா நடையைக் கட்டு” என்று சொந்தத் தம்பியைத் துரத்தியவர் அவர். வாழ்க்கையில் ஒருவருக்குக்கூட இரண்டாவது காபி போட்டுக் கொடுத்ததில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“போதும்மா” என்றார். “நான் தோத்துட்டேன். என்னை மன்னிச்சிடு.”

பாஸ்டரம்மா எழுந்து அந்தப் பெண்ணைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். அவள் விட்ட பெருமூச்சு அடுத்த மேஜைவரை கேட்டது. முகம் அப்படியே மலர்ந்துபோனது. நம்மைப் போல ஒரு முரடன் திருந்தியதற்கு இவர்களுக்கு இத்தனை சந்தோஷமா என்று பாய்லர் உருகிப்போனார். வீடியோவை அழித்துவிடலாம் என்று சட்டைப் பைக்குக் கையைக் கொண்டுபோனார்.

அந்த நேரம் கதவைத் தள்ளிக்கொண்டு, டை கட்டிய ஒருவர் மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

“ஸ்தோத்திரம் பாஸ்டரம்மா! மன்னிச்சுக்குங்க, வழியில வண்டி பஞ்சர். எங்க ஓட்டல்ல வேலைக்கு எடுக்கிறதுக்கு முன்னாடி, கோவக்கார கஸ்டமர் மாதிரி நடிச்சு ஒரு பொண்ணைச் சோதிச்சுப் பாக்கச் சொன்னீங்களே, அது யாரு?”

பாஸ்டரம்மாவின் கட்டைவிரல் அப்படியே அந்தரத்தில் நின்றது.

அந்தப் பெண் வந்தவரைப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் பாய்லர் பக்கம் திரும்பினாள். கையிலிருந்த தட்டை மேஜைமேல் வைத்தாள். ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தாள்.

“அப்போ நீ நெஜமாவா திட்டினே?”