மீதித் தாள்கள்

ஓராண்டு ஆய்வு விடுப்பு முடிந்து பேராசிரியர் அறவாழி பணிக்குத் திரும்பிய காலையில், பல்கலைக்கழக அலுவலகத்தில் எழுத்தர் ரோஸ்லின் முத்திரையோடு காத்திருந்தாள். விடுப்பில் எழுதியதைப் பக்கத்துக்குப் பக்கம் முத்திரையிட்டு வாங்கிய பிறகுதான் அவர் வகுப்புக்குப் போகலாம் என்பது அங்கே விதி. ஏரிகளின் வரலாறு எழுதப்போவதாகச் சொல்லித்தான் விடுப்பில் போனார். இரண்டாம் வாரமே மனைவி தமயந்தி படுத்த படுக்கையானாள். அந்த வருடம் அவர் எழுதியது ஒரே ஒரு நோட்டு, அதைத்தான் நீட்டினார். நாளுக்கொரு பக்கம். காலை ஆறு மணிக்கு எவ்வளவு காய்ச்சல், எத்தனை வாய் கஞ்சி, எத்தனை முறை வாந்தி. ரோஸ்லின் எதையும் வாசிக்கவில்லை. தொப்புத்தொப்பென்று குத்திக்கொண்டே போனவளின் கை ஜனவரி ஒன்பதைத் தாண்டியதும் நின்றது. அந்தப் பக்கத்தில் ‘காலை ஆறு மணி, மூச்சு இல்லை’ என்று மட்டும் இருந்தது. அதற்கப்புறம் எல்லாம் வெள்ளைத் தாள்.

“வெறுந்தாள்ல சீல் குத்தக் கூடாது சார். லீவு வருஷம் முழுக்க எடுத்திருக்கீங்க. மீதி நாளெல்லாம் என்ன பண்ணீங்க?”

“சும்மாதாம்மா இருந்தேன்.”

“அப்படின்னு நான் ஃபைல்ல எழுத முடியுமா? உக்காந்து எழுதிக் குடுத்துடுங்க சார். நான் இருக்கேன்.”

அவர் நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஜனவரி பத்து என்று தேதி போட்டார். காலை ஆறு மணி, காய்ச்சல் இல்லை. கஞ்சியை முழுதும் குடித்தாள். ரோஸ்லின் எட்டி அந்தப் பக்கத்தில் முத்திரையைக் குத்தினாள். அவர் அடுத்த தாளைப் புரட்டினார். ஜனவரி பதினொன்று. தானே எழுந்து தலைக்குக் குளித்தாள்.