அண்ணன் ஃபெயிலான கதை

"நீயே சொல்லும்மா. நான் சொன்னா அப்பனும் மகளும் காதுலயே வாங்கிக்க மாட்டேங்கறாங்க" என்று அண்ணி நாத்தனாரிடம் டீயை நீட்டினாள்.

அத்தை வந்ததே அண்ணன் மகளுக்குப் புத்தி சொல்லத்தான். போன வாரம்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாள். டைப்பிஸ்டாகச் சேர்ந்து, ஆபீஸ் மேனேஜர் வரை உயர்ந்தவள். இந்த வீட்டில் அவள் பேச்சு எடுபடும்.

அண்ணன் மகளுக்கு வெளியூரில் விளையாட்டுப் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அம்மாவோ, அடுத்த தெருக் கல்லூரியில் கணக்குப்பதிவு படி என்கிறாள்.

"எனக்கு அது பிடிக்கலை அத்தை. பந்துதான் பிடிச்சிருக்கு."

"முன்னப்பின்ன தெரியாத ஊர். பொம்பளைப் பிள்ளையைத் தனியா எப்படி அனுப்புறது? பிடிச்சிருக்காம்!" என்றாள் அண்ணி.

அத்தை டீயை ஒரு வாய் குடித்தாள். "பிடிக்கலை பிடிக்கலைன்னு சொல்லியே உங்கப்பா வாழ்க்கையைக் கோட்டை விட்டார். அந்தக் கதை தெரியுமா உனக்கு?"

அண்ணன் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருப்பவர். பிய்ந்த பந்து ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். "ஆரம்பிச்சுட்டாடா!"

"ஆமா, சொல்லத்தான் போறேன்."

தெருமுனை மாடியில் இருந்த அந்த டைப்பிங் வகுப்பை நினைத்தால் அத்தைக்கு இன்றைக்கும் ரிப்பன் மையின் வாசனை வரும். தகரக் கூரையில் மழை கொட்டுகிற மாதிரி எல்லா மெஷினும் சேர்ந்து சடசடக்கும். அந்தச் சத்தத்தில் யார் எப்படி அடிக்கிறார்கள் என்றே தெரியாது. அவளுக்கு டைப்பிங்தான் உயிர். 'அண்ணன் கூடப் போறதா இருந்தா நீயும் போ' என்று அப்பா அனுப்பி வைத்தார். அண்ணன் மூலை மெஷினில் உட்கார்ந்து ஜன்னல் வழியே மைதானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"வெளியூர்ல எங்க மாமாவோட ஆபீஸ்ல இவருக்கு வேலை தயாரா இருந்தது. பாஸ் பண்ணிட்டு ரயில் ஏற வேண்டியதுதான் பாக்கி. துரை என்ன பண்ணினார்? ஃபெயில்! மறுபடி எழுதினார். மறுபடியும் ஃபெயில்! நான் லோயர், ஹையர்னு ரெண்டு பரீட்சையும் முடிச்சு வேலைக்கே போயிட்டேன். இவர் முதல் பரீட்சையிலேயே நொண்டியடிச்சுக்கிட்டிருந்தார். மாமாவும் பார்த்துப் பார்த்து, வேற யாரையோ எடுத்துட்டார். எங்கப்பா திட்டாத திட்டு இல்லை."

"நிஜமாப்பா?"

"பிடிக்காததுல விரல் எப்படிம்மா ஓடும்?"

"கேட்டியா? அன்னிக்கும் இதே பதில்தான். நீயும் உங்கப்பா மாதிரி ஆயிடாதே."

மருமகளின் முகம் சுருங்கிப் போயிற்று. அதைப் பார்க்கப் பொறுக்காமல், தான் கொண்டுவந்திருந்த பழைய டைப்ரைட்டரின் உறையை அத்தை கழற்றினாள்.

"நான் முதல்முதலா வேலை பார்த்த மெஷின். ஆபீஸ்ல தூக்கிப் போட இருந்தாங்க, கேட்டு வாங்கிட்டேன்."

"சார்ஜர் எங்கே அத்தை?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

"ரெண்டு மூணு எழுத்து ஒட்டிக்குதுண்ணா. கொஞ்சம் எண்ணெய் போட்டுக் கொடேன்" என்று சொல்லிவிட்டு, காலி டம்ளர்களோடு அண்ணியின் பின்னால் சமையலறைக்குப் போனாள்.

சிறிது நேரத்தில் ஹாலிலிருந்து ஒன்றிரண்டு தட்டல்கள் கேட்டன. பிறகு சடசடவென்று மழை. வரி முடிகிற இடத்தில் மணி 'டிங்' என்றது. மறுபடி மழை. எங்கேயும் ஒரு தடுமாற்றம் இல்லை.

மருமகள் செல்போனில் ஏதோ வீடியோ பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அத்தை எட்டிப் பார்த்தாள்.

அண்ணன்தான். தெருவில் பிள்ளைகள் பந்து உதைப்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பத்து விரலும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் மகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

அத்தை காகிதத்தைக் குனிந்து பார்த்தாள். ஒரு பிழை இல்லை.

"அண்ணா! இதை எப்போ கத்துக்கிட்டே?"

அவர் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். "எல்லாம் நம்ம வகுப்புலதான்."

"பிடிக்கலைன்னு சொன்னியே?"

"பிடிக்காமலா இருக்கும்?" எண்ணெய்த் துணியால் விரல்களை மெதுவாகத் துடைத்தார். "நான் பாஸ் பண்ணி மாமா ஊருக்குப் போயிருந்தா, உன்னைத் தனியா அந்த மாடிக்கு அப்பா அனுப்பியிருப்பாரா? விடு, பழைய கதை."

அத்தை அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா, அவளுக்குப் புத்தி சொல்லிட்டியா?" சமையலறையிலிருந்து அண்ணி குரல் கொடுத்தாள்.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகளின் கையைப் பிடித்தாள்.

"என்னிக்குக் கிளம்பணும்னு சொல்லு. துணைக்கு நான் வரேன்."