வளையம் உட்காரும் சத்தம்

தேயிலைத் தோட்டத்துத் துரை கராஜுக்கு நேரில் வந்து நின்றார். போன முறை சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள் பேரிங் வளையம் முழுதாக உட்காராமல், அவருடைய காரின் சக்கரம் ஆடியது. இன்றும் ஆடினால் மெக்கானிக் இராமையாவுக்கு வேலையும் இல்லை, தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்து அறையும் இல்லை.

இராமையா பழைய வளையத்தைத் தட்டிக் கழற்றினார். புதியதை வைத்துச் சுற்றிலும் சீராக அடித்தார். சோறு கொண்டுவந்த மனைவி நாகலெட்சுமி, அவர் தோளில் கைவைத்துக் குந்தியிருந்தாள்.

“மதினிக்கு அண்ணன விட்டுப் பிரிய மனசில்ல,” என்று டிரைவர் வீரய்யா சிரித்தார்.

அவள் விரல்கள் அழுந்தின. சுத்தியல் நின்றது.

“வளையம் உட்கார்ந்தது எப்படித் தெரியும்?” என்று இராமையாவைக் கேட்டார் துரை.

நாகலெட்சுமி முந்திக்கொண்டாள். “அடிக்கிற சத்தம் மாறிருமுங்க தொரை.”

சக்கரத்தை மாட்டியதும் துரை உலுக்கிப் பார்த்தார். ஆடவில்லை. தலையசைத்துவிட்டுப் போனார்.

“தப்பிச்சீங்கண்ணே!” என்றார் வீரய்யா, பின்னாலிருந்து. இராமையா திரும்பவில்லை.

“முன்னால வந்து சொல்லுங்க தம்பி,” என்றாள் நாகலெட்சுமி. “மார்கழிக் காய்ச்சலுக்கு அப்புறம் அவருக்குக் காது சுத்தமாக் கேக்கல. தொரைகிட்ட சொல்லிப்புடாதீங்க.”

வீரய்யா முன்னால் வந்து இராமையாவின் தோளில் கைவைத்தார்.

“நாளைக்கு நீங்க கொழுந்தெடுக்கப் போங்க மதினி. இங்க நான் இருக்கேன்.”