தலைமாட்டில் கல் உப்பு

"உப்பு ஜாடியைத் தொட்டே, கையை ஒடிச்சு அடுப்புல வெச்சிடுவேன்!"

உறையூர்ல பல குடித்தனம் சேர்ந்திருக்கிற ஸ்டோர் வீட்டுல எங்களுக்கு அடுத்த குடித்தனம் வேலம்மாள். மருமகள் பொன்னுத்தாயைத் தினமும் இப்படித்தான் கரிச்சுக் கொட்டுவாள். எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

பாவம் அந்தப் பொண்ணு. சிவப்பா வந்தவ ஒரே வருஷத்துல கறுத்துட்டா. உள்ளங்கை ரேகைகூடக் கறுப்பு. எழுந்து நின்னா மயக்கம். உப்புக்கு மட்டும் அப்படி அலைவா.

புருஷன் வீரமலை தங்கமான பையன். அவ குணமாகணும்னு சமயபுரத்தாளுக்கு நேர்ந்துகிட்டு, மாசி முழுக்க ரெண்டு பேருக்கும் உப்பில்லாச் சோறு.

விரதத்தோட பன்னிரண்டாம் நாள் அவளைக் குதிரை வண்டியில போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. நானும் பின்னாலேயே ஓடினேன். அந்த மாமியாரை இன்னிக்கு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுடணும்!

டாக்டர் வெளியே வந்து தலையை ஆட்டினார்.

"போயிடுச்சும்மா. சிறுநீரகத்துக்கு மேல ஒரு சுரப்பி இருக்கு. அதைக் காசம் தின்னுடுச்சு. மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி, 'வேலை செய், வேலை செய்'னு அதை விரட்டிக்கிட்டே இருந்திருக்கு. அந்த விரட்டல்லதான் தோல் கறுத்தது. இந்த நோய்ல உடம்புல உப்பு தங்காது. உப்பை நிறுத்தலாமா? இத்தனை நாள் தாங்கினதே அதிசயம்!"

நான் வேலம்மாள் பக்கம் திரும்பினேன். அவள் மடியிலிருந்து ஒரு முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே கல் உப்பு.

"தினம் நான்தாங்க ஐயா தலைமாட்டுல வெப்பேன். அது படுற பாட்டைப் பார்க்க முடியல. மவனுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் அப்படிக் கத்தினேன். மூணு நாளா இதைத் தொடவே இல்லீங்க. ஏன்னு கேட்டா வாயே தொறக்கல..."



சுவரோரம் குந்தியிருந்த வீரமலை தலையிலடிச்சுக்கிட்டு அழுதான்.

"அவ உப்பு திங்கிறதை நான் பார்த்துட்டேம்மா. விரதம் கெட்டா இவ பொழைக்க மாட்டாளேன்னு பயந்து, இனி உப்பைத் தொட்டா நான் செத்துருவேன்னு என் தலையில கை வெச்சு சத்தியம் பண்ண வெச்சேன்... பாவி, அவ மீறலையேம்மா!"